மரக்கால் யார் கையில்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் தங்கையின் பேத்தி போன் செய்தாள். வயது பதினேழு. ஓட்டக்காரி. வீட்டிலிருந்து வெகு தூரத்தில் ஒரு பயிற்சி மையத்தின் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவளை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

"தாத்தா, இன்னிக்கு எங்களுக்கு மனசு டெஸ்ட் வச்சாங்க."

"எப்படிம்மா பண்ணினே?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான் போட்டேன். மொத்தம் பத்து வந்துச்சு. ரொம்ப நல்ல ஸ்கோராம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரமாக அந்தப் பெண் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஓட்டத்துக்கு முன்னால் வாந்தி எடுக்கிறாள். ஸ்டார்ட்டிங் லைனில் போய் நின்றாலே கை நடுங்குகிறது என்று அவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாள்.

"ஏம்மா அப்படிப் போட்டே?"

"கோச் சார்தானே தாத்தா பேப்பரை வாங்கி அடுக்குறாரு. அடுத்த வாரம் செலக்‌ஷன். அஞ்சுன்னு போட்டா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். முப்பத்து மூன்று வருடம் காரைக்கால் பகுதிப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். அதனால்தான் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு: விளையாட்டு வீரர்களின் மனநலத்தை அளக்க வேண்டும். என் நண்பர்கள் குழுவில் ஒருவர் நேற்றுகூட எழுதியிருந்தார், "எல்லாருக்கும் மாதம் ஒரு மனநலப் பரீட்சை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது." தீராது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அளக்கக் கூடாது என்பது என் கட்சி அல்ல. அளப்பவர் யார், அளந்த கணக்கு யாரிடம் போகிறது என்று கேட்காமல் அளந்தால், அந்த அளவு பொய். பொய்யாக இருப்பதோடு நிற்காமல் ஆபத்தும் ஆகிவிடும்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவள் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2020-இல் வெளியிட்ட மனநல மதிப்பீட்டுக் கருவியின் முதல் படி அது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட வீரர்களுக்கானது. பத்துக் கேள்விகள். கடந்த நான்கு வாரத்தில் சக வீரர்களோடு இருப்பது கஷ்டமாக இருந்ததா, எரிச்சலும் கோபமும் வந்ததா, காயத்தையோ ஆட்டத்தையோ நினைத்துக் கவலை ஓயவில்லையா, அணித் தேர்வின் அழுத்தம் தாங்க முடியவில்லையா, விளையாட்டு முடிந்தபின் வாழ்க்கை என்னவாகும் என்ற பயம் இருந்ததா என்றெல்லாம் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட வேண்டும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'எப்போதும்' என்றால் 5. கூட்டுத்தொகை 17 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும். அங்கே மனச்சோர்வு, பதற்றம், தூக்கம், மது, சாப்பாட்டுக் கோளாறு என்று தனித்தனி வினாத்தாள்கள் இருக்கின்றன. அதற்கு மேலும் தேவைப்பட்டால் மருத்துவரே உட்கார்ந்து பேச வேண்டும்.

நல்ல கேள்விகள்தான், குறை சொல்ல மாட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் யோசித்துச் செய்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்துக் கேள்விக்கும் 1 போட்டால் 10. அதுதான் இருப்பதிலேயே குறைந்த எண், இருப்பதிலேயே 'ஆரோக்கியமான' எண். நிஜமாகவே மனம் நிறைந்து இருக்கும் பிள்ளைக்கும் 10. பயத்தில் வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கும் அதே 10. தாளைப் பார்த்து இரண்டு பேரையும் பிரித்தறிய யாராலும் முடியாது.

இந்தக் கருவியைச் செய்தவர்கள் இதை மருத்துவர்களும் பதிவு பெற்ற சுகாதாரத் துறையினரும் பயன்படுத்துவதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். பயிற்சியாளருக்கும் வீட்டாருக்கும் சக வீரர்களுக்கும் அவர்கள் வேறொரு சிறு கையேடு கொடுத்திருக்கிறார்கள். ஒருவரிடம் மாற்றம் தெரிந்தால் கவனி, உதவிக்கு அழைத்துப் போ என்பது அதன் சாரம். அதாவது கோச்சின் வேலை கவனிப்பது. மார்க் போடுவது இல்லை. நம் ஊரில் தாளை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அதோடு வந்த நிபந்தனையை விட்டுவிட்டோம்.

காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒலிம்பிக் கமிட்டி தேவையில்லை. என் தாத்தா சொல்வார்: குத்தகை நெல் வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது வேறொரு மரக்கால். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மரக்கால் பண்ணையார் வீட்டுக் கொட்டகையில் இருந்தவரை, களத்தில் நிற்பவன் அளவைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. அளவுகோல் சரியா என்ற கேள்விக்கு முன்னால், அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி வரும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கள் கடலோரக் கிராமங்களுக்கு எத்தனையோ பேர் உதவ வந்தார்கள். பெரும்பாலும் நல்லவர்கள். சிலர் கையில் படிவங்கள் இருந்தன. ராத்திரி தூக்கம் வருகிறதா, கடலைப் பார்த்தால் பயமா, கெட்ட கனவு வருகிறதா என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் மூன்றாவது படிவம் வந்தபோது ஒரு பொடியன் என்னிடம் ஓடிவந்து கேட்டான்: "சார், எதைப் போட்டா பள்ளிக்கூடப் பை கிடைக்கும்?" நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவன் பொய்யன் அல்ல. பதிலுக்குப் பின்னால் என்ன வரும் என்று கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை. பை கிடைக்கும் என்றால் பயம் என்று போடுவான். அணியில் இடம் போகும் என்றால் பயமே இல்லை என்று போடுவான்.

மற்றவர்களைச் சொல்லும் முன் என்னைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் என்னிடம் ஒரு பையன் இருந்தான். கிளிஞ்சல்மேடு பக்கத்துப் பிள்ளை. 1500 மீட்டர். அப்படி ஓர் ஓட்டக்காரனை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. புதுச்சேரி அணிக்கு நிச்சயம் என்று நினைத்திருந்தேன். ஸ்டாப்வாட்ச் வைத்து அவனுடைய ஒவ்வொரு சுற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நாடித் துடிப்பு, எடை, சாப்பாடு எல்லாம் அதில் இருக்கும். ஒரு டிசம்பரில் அவன் நேரம் மோசமாகிக்கொண்டே போனது. தினமும் காலையில் கேட்பேன், "எப்படிடா இருக்கே?" அவனும் தினமும் சொல்வான், "நல்லாருக்கேன் சார்." கேட்கும்போது என் கழுத்தில் விசில் தொங்கும். சட்டைப் பையில் அணிப் பட்டியல் இருக்கும்.

கடைசியில், "உனக்கு அக்கறை போயிடுச்சுடா" என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டினேன். அடுத்த வாரம் வருவதை நிறுத்திவிட்டான். பல மாதம் கழித்து மீன் மார்க்கெட்டில் அவன் அம்மா சொன்னார்: வீட்டில் கடன். அவன் ராத்திரி இரண்டு மணிக்குப் படகேறி, விடிந்து கரைக்கு வந்து, நேராக என் மைதானத்துக்கு வந்திருக்கிறான். பயத்திலும் களைப்பிலும் சாப்பாடு இறங்கவில்லையாம். "உங்ககிட்ட சொன்னா டீம்லேருந்து எடுத்துடுவீங்கன்னு பயந்தான் சார்." இன்று அவருக்குச் சொந்தப் படகு இருக்கிறது. என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். நான்தான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நூறில் ஒரு பங்கு விநாடிவரை அதில் கணக்கு உண்டு. அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் நாட்டுக்கு அளக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2024 பாரிஸில் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதல் என்று இறுதிப் போட்டியில் இறங்க முடியாமல் போனதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். உடம்பைக் கிராம் கணக்கில் நிறுக்கிற உலகம் இது. நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனை. முடிவு ஊடகங்களுக்குக் கசிந்தது. பதக்கம் பறிபோனது. அந்தப் பெண்ணின் உடம்பைச் சோதிக்க ஆள் இருந்தது, கருவி இருந்தது, விதி இருந்தது. சோதனைக்குப் பிறகு அவர் மனம் என்ன ஆகும் என்று கேட்க ஒரு நாற்காலிகூடப் போடப்படவில்லை. அடுத்த வருடமே அவர் உயிரை விட முயன்றதாகச் செய்தி வந்தது. 2012-இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகே பயிற்சியாளர் படிப்பும் வேலையும் வந்தன. அவர் எழுந்து நின்றது அவருடைய பலம். நாம் அதில் பெருமை கொண்டாட ஒன்றும் இல்லை.

சாந்தி கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தரங்கமான ஒரு மருத்துவ முடிவு கசிந்தால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டு ஓட்டக்காரப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அப்படித் தெரிந்த பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உண்மையை எழுது, ரகசியமாக வைத்துக்கொள்வோம்" என்றால் நம்புமா?

அடுத்தது, எப்போது அளக்கிறோம் என்பது. நம் ஆட்கள் போட்டிக்கு முன்னால் அளப்பார்கள். நோக்கம் பிள்ளையின் நலம் அல்ல, பதக்கம். அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய மன நெருக்கடி தோற்றபோது வரவில்லை, அந்த வெற்றிக்குப் பிறகுதான் வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பல வருடம் ஒரே குறியை நோக்கி ஓடியவருக்கு அதை எட்டியபின் வெறுமை. ஊரெல்லாம் மாலை போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் தாளை நீட்ட யாருக்குத் தோன்றும்?

பதக்கத்துக்காக மனசை அளக்கும் ஆசை பழையதுதான். 1970-களின் அமெரிக்காவில் மனநிலையை அளக்க 65 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. சிறந்த வீரர்களுக்குச் சுறுசுறுப்பு மட்டும் மேலே எழும்பி, பதற்றம், சோர்வு, கோபம் எல்லாம் கீழே அமுங்கி இருக்கும், வரைபடம் பனிப்பாறை போலத் தெரியும் என்று வில்லியம் மார்கன் என்ற உளவியலாளர் காட்டினார். பயிற்சியாளர்களுக்கு அது பெரிய கவர்ச்சியாகிவிட்டது. 1995-இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், வென்றவருக்கும் தோற்றவருக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் அந்தப் பட்டியலால் விளக்க முடிகிறது என்று கண்டார்கள். ஆகவே, இந்தத் தாள்களை வைத்து யார் ஜெயிப்பார் என்று பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து கைவிடுங்கள். அதற்கு அது உதவாது. யாருக்கு உதவி தேவை என்று பார்க்க வேண்டுமானால் உதவும், அதுவும் பிள்ளை உண்மையை எழுதினால்.

நலம் என்பது நோய் இல்லாதது மட்டுமா என்றும் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் ஐந்தே வரியில் ஒரு வினாத்தாள் உண்டு. மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, தூங்கி எழுந்தபோது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாட வாழ்க்கையில் எனக்குப் பிடித்த விஷயங்கள் நிறைந்திருந்தனவா. அவ்வளவுதான். அந்த ஐந்தாவதைப் பாருங்கள். விடிகாலை ஓட்டம், மாலை ஓட்டம், இடையில் தூக்கம், வாரம் ஒரு போன் என்று வளர்க்கும் ஒரு ஹாஸ்டல் பிள்ளை அதற்கு என்ன போடும்? அந்தப் பதில் மோசமாக வந்தால், சிகிச்சை தேவைப்படுவது பிள்ளைக்கா, ஹாஸ்டலுக்கா?

இதற்குள் சிலர் கை தூக்கியிருப்பீர்கள். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்? வெறும் கால்ல ஓடினோம், யாரும் மனசு கினசுன்னு சொல்லல." ஆமாம், சொல்லவில்லை. சொல்லாமல் போனவர்களை நாம் எண்ணவில்லை. நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு அந்தக் காலம் திடமானது என்கிறோம். சிமோன் பைல்ஸ் 2021-இல் டோக்கியோவில் அணி இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். உடம்பு காற்றில் எங்கே இருக்கிறது என்று மனதுக்குத் தெரியாமல் போகும் நிலை அவருக்கு. அப்படியே தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். கோழை என்று எழுதியவர்கள் உண்டு. 2024 பாரிஸில் அவர் மூன்று தங்கம் வாங்கினார். முடியவில்லை என்று சொல்ல இடம் இருந்ததால் திரும்பி வர முடிந்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் அது வேறு மாநிலம். எங்கள் அணிப் பட்டியல் தயாராவது சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். ஒரு வாய்ப்பு போனால் பஸ் ஏறி அடுத்த ஊரில் இன்னொன்று தேட முடியாது. ஒரே கதவுதான். ஒரே கதவு உள்ள வீட்டில் யாரும் கதவுக்காரரைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்.

தாளைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அணித் தேர்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவராக இருக்க வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். காரைக்காலிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மர் வளாகம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு உளவியலாளர் மாதம் ஒரு நாள் வந்து, கோச் இல்லாத அறையில் உட்கார்ந்தால் போதும்.

பதில் பிள்ளையின் சொத்து. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. நோயாளிக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு, நோய் வருமுன் கேட்கும் தாளுக்குக் கூடாதா? உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, பெயரோடு எந்த எண்ணும் தேர்வுக் குழுவின் மேஜைக்குப் போகக் கூடாது. இதை எழுத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு தாளைக் கொடுங்கள்.

கேட்டால் ஏதாவது செய்ய வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில் வலிக்கிறதா என்று கேட்பது கொடுமை. காயம்பட்டவனுக்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் அல்லவா? மனசு உடைந்தவனுக்கும் அதே விதி இருக்கட்டும்.

போட்டிக்கு முன்னால் மட்டும் கேட்காதீர்கள். பருவம் தொடங்கும்போது, காயத்தின்போது, அணியிலிருந்து நீக்கிய மறுநாள், பதக்கம் வாங்கிய மறு மாதம், ஓய்வு பெற்ற பிறகு. அப்போது கேளுங்கள்.

தமிழிலும் கேளுங்கள். மொழிபெயர்ப்புத் தமிழில் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் 'மனச்சோர்வு' என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சு அடைக்குது", "எதுவும் புடிக்கல", "சோறு இறங்கல" என்பார்கள். அந்தச் சொற்களைத் தெரிந்தவர் கேட்க வேண்டும்.

இந்தப் பயிற்சி மையத்துக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோச் இளைஞர், நல்ல எண்ணத்தோடுதான் அந்தத் தாளைக் கொண்டுவந்திருப்பார். நானும் நல்ல எண்ணத்தோடுதான் தினமும் காலையில் "எப்படிடா இருக்கே" என்று கேட்டேன். பட்டியல் பையில் இருக்கும்வரை அந்த எண்ணத்தால் பயனில்லை.

அன்று இரவு அவளிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "உண்மையை யார்கிட்டயாவது சொல்லணும்மா, அது உங்க கோச்சா இருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கொடுத்தேன். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்து பேசியிருக்கிறாள். இப்போது விடுமுறைக்கு வந்தால் ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்று அவள் அம்மாவும் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

செலக்‌ஷன் முடிந்தது. அணியில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அரைச் சந்தோஷம்தான். அந்த மையத்தின் கோப்பில் அவள் பெயருக்கு நேரே இன்னும் 10 என்றுதான் இருக்கிறது.